கன்னிசாமி இறக்கிய லோடு

மாலை போட்டால் குடி தானாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காகிவிடும்.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலக் குழுவில் குடிநோய் ஆலோசகராக எனக்கு வேலை. வாரத்தில் ஒரு நாள் ஒரு வெள்ளை வேன் எங்களை ஏற்றிக்கொண்டு புத்தூர் வழியாக நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும். டாக்டர் வருவது அபூர்வம். நானும் ஒரு நர்சும் டிரைவரும்தான் குழு. எனக்குச் சொந்த ஊர் நகரி பக்கம் என்பதால் தமிழ் பேசும் எல்லைக் கிராமங்களை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சென்னையைச் சுற்றியிருந்த கம்பெனிகள் எல்லையைத் தாண்டி எங்கள் மாவட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. வேர்க்கடலை போட்ட நிலத்தில் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது. காலனி ஆட்களுக்கு எப்போதோ சர்க்கார் கொடுத்திருந்த துண்டு நிலங்கள்தான் முதலில் போயின. அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கான்ட்ராக்டரிடம் லோடு இறக்கும் வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலேயே பெல்ட் ஷாப், அதாவது லைசென்ஸ் இல்லாத சாராயக் கடை. அதற்குப் போர்டெல்லாம் கிடையாது. பார்த்தால் மளிகைக் கடை. பருப்பு டின்னுக்குப் பின்னால் குவாட்டர் பாட்டில் இருக்கும்.

அப்படி ஒரு ஊரில் எங்கள் முகாம் பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கம்பெனியில் லோடு இறக்குபவர். வயது முப்பத்தைந்துதான் இருக்கும், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் கொட்டியது.

"காலைல எழுந்ததும் ஒண்ணு போட்டாத்தான் மேடம் கை நிக்குது. கான்ட்ராக்டர் இவர வேலைக்கு வராதன்னுட்டாரு. குடிய வுட்டுட்டு வந்தா சேத்துக்கறேன்றாரு" என்றாள் அவள்.

இந்த நிலைமையில் இருப்பவர் குடியை வெடுக்கென்று நிறுத்தக் கூடாது. வருஷக் கணக்காகச் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றால் தறிகெட்டு ஓடும். கை நடுங்கும், தூக்கம் போகும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். ஆளே போய்விடலாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். இதை இரண்டு பேருக்கும் சோறு ஊட்டுவதுபோலச் சொன்னேன். அவள் அப்போதே திருப்பதிக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

பெட் இல்லை, அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

நெஞ்சு வலி என்று வருகிறவனை அடுத்த வாரம் வா என்பார்களா? குடிகாரன் என்றால் சொல்வார்கள். அவன் தானே தேடிக்கொண்டது, ஒரு வாரம் பொறுத்தால் என்ன என்று ஒரு நினைப்பு. போனிலேயே சண்டை போட்டேன். பெட் வரவில்லை. வேறு வழியில்லாமல், "அதுவரைக்கும் நீங்களா நிறுத்திடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க" என்று சொல்லி அனுப்பினேன். குடியை விட வந்தவரிடம் குடியை நிறுத்தாதே என்று சொல்கிற பொம்பளை என்று வராந்தாவில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த வாரம் வேன் ஊருக்குள் நுழையும்போதே உடுக்கைச் சத்தம் கேட்டது. கார்த்திகை பிறந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் சேர்ந்து தங்க, பள்ளிக்கூடத்துக்கு எதிரில் தென்னங்கீற்றால் ஒரு கொட்டகை போடுவார்கள். அதைச் சுற்றி அன்றைக்கு ஊரே நின்றுகொண்டிருந்தது. ஊர்த்தெரு ஜனமும் காலனி ஜனமும் ஒரே கூட்டமாக நின்றதை நான் அங்கே அதற்கு முன்பு பார்த்ததில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அந்தப் பெண் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"மேடம், இவருக்கு மாலை போட்டுட்டாங்க. குருசாமி கான்ட்ராக்டர்கிட்டயே பேசிட்டாரு. மலைக்குப் போய்ட்டு வந்தா வேலை குடுப்பாங்களாம். நாலு நாளா ஒரு சொட்டு தொடல." அவள் முகத்தில் பெருமையும் பயமும் கலந்து இருந்தன. "இப்ப இவர் மேல சாமி வந்துகீது."

கீற்றை விலக்கிப் பார்த்தேன். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, உடம்பெல்லாம் விபூதி. விபூதியைக் கரைத்துக்கொண்டு வியர்வை ஓடியது. ஆள் நிற்கமுடியாமல் ஆடிக்கொண்டிருந்தார். கண் எதையோ துரத்தியது. கை கீழே போய் எதையோ பிடித்துத் தூக்கும், தோளில் வைக்கும், நான்கு எட்டு நடந்து இறக்கும், மறுபடி கீழே போகும்.

"பாத்தியா, கன்னிசாமி இருமுடி தூக்குறாரு. மலை ஏறுறாரு" என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதல் தடவை மாலை போட்டவரைக் கன்னிசாமி என்பார்கள்.

அவர் மலை ஏறவில்லை. லாரியில் இருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். குடி நின்று மூளை கலங்கும்போது ஆட்கள் தினமும் செய்கிற வேலையைக் காற்றில் செய்வார்கள். தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். கூட்டமோ கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஊர்த்தெரு விவசாயி ஒருவர் அவர் காலில் விழுந்து, "சாமி, ஏரிக்கரை நெலத்தையும் கம்பெனிக்காரன் எடுத்துக்குவானா சாமி?" என்று கேட்டார்.

"கேட்டாண்ட வையி. கேட்டாண்ட அடுக்கு" என்றார் இவர்.

கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலம் எல்லாம் போய்விடும் என்று கூட்டம் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டது. வேறு இடமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

குருசாமி வெளியே வந்தார். ஊரில் அதிக வருஷம் மலைக்குப் போனவர் அவர்தான். மாலை போட்டுவிட்டதும் அவர்தான். அந்த மளிகைக் கடையும் அவருடையதுதான். மாலை போட்டிருக்கும் நாட்களில் கல்லாவில் அவர் உட்காரமாட்டார், மச்சானை உட்காரவைப்பார். பருப்பு டின்னுக்குப் பின்னால் இருப்பது அப்படியே இருக்கும்.

"பொம்பளைங்க உள்ள வரக்கூடாதும்மா" என்றார்.

"நான் வரல. அவரை வெளிய அனுப்புங்க. அவருக்கு இது சாமி இல்ல, சீக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாலையைக் கழற்றச் சொல்லல, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஆஸ்பத்திரில யார் யாரோ தொடுவாங்க. ஊசி போட ஸ்பிரிட்டு தேய்ப்பாங்க. அதுவும் சாராயம்தானம்மா? விரதம் இன்னாத்துக்கு ஆவும்?"

எனக்குச் சாமியோடு சண்டை இல்லை. என் அண்ணனும் மாலை போடுகிறவன்தான். ஆனால் அந்த வார்த்தையை அந்த வாயில் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. படித்த படிப்பில் குரலை உயர்த்தாதே என்றுதான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"போன வாரம் வரைக்கும் உங்க கடையில இவருக்கு வித்தீங்களே, அது என்ன தீர்த்தமா?"

உடுக்கைச் சத்தம் நின்றுவிட்டது. குருசாமி ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

"மாலை போட்டுக்கினு கோவப்படக்கூடாதும்மா. இல்லன்னா பதில் சொல்லிருப்பேன்."

டிரைவர் என் பின்னால் வந்து, "மேடம், மனகெந்துக்கு, போதாம்" என்று தெலுங்கில் முணுமுணுத்தார். நமக்கெதற்கு, போய்விடலாம் என்கிறார். அவரையும் முறைத்தேன்.

அந்தப் பெண்ணைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னேன். இன்று இரவுக்குள் வலிப்பு வரலாம். வந்தால் இந்த ஊரில் காப்பாற்ற ஆள் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியது நீ, முடிவும் நீதான் எடுக்க வேண்டும்.

"மேடம், காலைல பெரிய வூட்டுக்காரரும் அம்மாவும் வந்து இவர் கால்ல வுழுந்தாங்க. நான் அவங்க வூட்ல சாணி அள்றவ. பின்வாசல் தாண்டி உள்ள போனதில்ல. அவங்க என்னையும் பாத்து கும்பிட்டாங்க மேடம்." கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "இப்ப இது சீக்குன்னு நான் எப்படி சொல்லுவேன்?" என்றாள்.

அவள்மேலும் எரிச்சல் வந்ததை மறைப்பானேன். ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், இவளுக்குக் கும்பிடு கேட்கிறதா என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, அந்தக் கும்பிடு அவளுக்குக் கிடைக்க இப்படி ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறதே என்று நினைத்தபோது எரிச்சல் முழுவதும் ஊர்த்தெருப் பக்கம் திரும்பிவிட்டது. மாலை போட்டிருக்கும் மண்டலம் மட்டும் காலனிக்காரனும் சாமி. மலை இறங்கி மாலையைக் கழற்றினால் மறுபடி டேய்.

உள்ளே அவர் முட்டி மடங்கி விழப் போனார். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அவள் அதைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனாள்.

"சாமி" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. "யோவ்" என்றாள். அதற்கும் இல்லை. அவர் கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, தினமும் காலையில் வீட்டு வாசலில் இருந்து கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"ஏய்யா, கம்பெனி பஸ்ஸு வந்து நின்னுக்கினு கீது. லேட்டானா வுட்டுட்டு பூடுவான். வா."

அவர் தோளில் இருந்த பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தார். சுற்றிப் பார்த்தார். எங்கள் வெள்ளை வேன் கண்ணில் பட்டது. வெறுங்காலோடு, ஆடிக்கொண்டே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்து வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். சாமி தானாக நடக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்ட பிறகு யார் குறுக்கே நிற்பது? குருசாமிகூட வழிவிட்டுக் கும்பிட்டார்.

புத்தூரைத் தாண்டும்போது வலிப்பு வந்தது. நர்ஸ் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஊசி போட்டாள். கூடவே ஏறியிருந்த அந்தப் பெண் அவர் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திருப்பதியில் இறக்கியதும் உடனே பெட் கிடைத்தது. வலிப்போடு வந்தால் பெட் இருக்கிறது. போன வாரம் இல்லாத பெட் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அட்மிஷன் ஃபார்மை என் கையில் திணித்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு மூன்று நாள் கட்டிலில் கட்டிவைக்க வேண்டியிருந்தது. பிறகு தூங்கினார், தூங்கி எழுந்தார், இட்லி கேட்டார். இதற்கு நடுவில் மாவட்டச் சுகாதாரக் கூட்டத்தில் ஒரு அதிகாரி, எல்லைக் கிராமங்களில் மாலை போட்டுக் குடியை விட்டவர்களைப் பாராட்டிப் பேசி, எங்கள் குழுவுக்கு வண்டியும் டீசலும் வீண்தானே என்று சிரித்தார். நான் எழுந்து பேச ஆரம்பித்ததும் மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் தெளிந்ததும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நடந்தது என்ன என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. சொன்னேன். நிறையக் குடித்துப் பழகி, அதைத் திடீரென்று நிறுத்தியதால் மூளை கலங்கியது. அதனால்தான் லாரி தெரிந்தது, பெட்டி தெரிந்தது. அது சாமி இல்லை. அவர் ரொம்ப கவனமாகக் கேட்டார். அவள் தரையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னா பேசினேன்னு ஞாபகம் இல்ல மேடம். ஆனா அவங்க கும்பிட்டது ஞாபகம் கீது. பெரிய வூட்டுக்காரரு, எங்க நைனாவையே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, டேய்தான். அவரு என் கால்ல வுழுந்தாரு."

"ஆமாம்" என்றேன்.

கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற பையன் மாதிரிதான் கேட்டார், கேலி துளியும் இல்லை.

"அப்ப அடுத்த வருசமும் அது வரணும்னா, கார்த்திகை வரைக்கும் நல்லா குடிச்சிட்டு அப்பால நிறுத்தணும், இல்ல மேடம்?"

அவள் கை இட்லிப் பொட்டலத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போவாய் என்று சொன்னேன். இந்த முறை பிழைத்ததே பெரிது என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அது தெரியும் மேடம். வருமா, வராதா, அத சொல்லுங்க."