மகரந்தம் எண்ணுகிறவள்

ஒரு கண் நுண்ணோக்கியில். மறு கண்ணையும் மூடுவதில்லை. மூடினால் தலை வலிக்கும், நாளெல்லாம் எண்ண முடியாது. வலது கை ஸ்லைடை நகர்த்தும், இடது கட்டைவிரல் எண்ணும் கருவியை அமுக்கும். சாயத்தில் சிவந்தது உயிருள்ள மகரந்தம். வெளுத்துக் கிடப்பது செத்தது. ஸ்லைடுக்கு முந்நூறு. நடுவில் யாராவது "டீ சாப்பிடலாமா?" என்று கேட்டால் "நூத்தி எண்பத்தேழு" என்பாள். கல்லூரியில் அவளுக்கு 'மகரந்தம்' என்றே பட்டப்பெயர். பட்டம் வர இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

போன வருஷம் வரை மாலையில் மருந்துக் கடையில் நின்றாள். ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் வேலை பழகியவர்கள் எல்லாம் அப்பா காரில் கொண்டுவந்து இறக்கிவிடும் பிள்ளைகள். சும்மா உழைப்பதற்கும் வசதி வேண்டியிருக்கிறது. இதைக் கண்டு மனம் பொறுக்காத ஒரு புண்ணியவான், இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சம்பளத்தோடு ஆராய்ச்சி செய்யட்டும் என்று நிதி வைத்தார். ஐந்து இடம். ஒன்று இவளுக்கு.

தையல் ஆலையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கும் அம்மாவுக்கு இந்த வேலை பிடிபடவேயில்லை.

"பூத்தூளை எண்ணினா சம்பளமா? நான் நாளைக்கு எண்ணூறு காஜா எடுக்குறேன். ஒருத்தரும் என்னை விஞ்ஞானின்னு சொல்லலியே!"

"கெட்டுப்போன காஜாவைத் தனியா எண்ணுறியாம்மா?"

"எண்ணாம? அதைத்தானே கூலியில பிடிக்கிறான்."

வரும் வருஷம் ஐந்து இடம் மூன்றாகிறது. யாரைத் தக்கவைப்பது என்று குழு முடிவு செய்ய, புண்ணியவானுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும்: இவ்வுதவி உங்கள் வாழ்வை எப்படி மாற்றியது? மகரந்தம் நான்கு பக்கம் எழுதினாள். லாரி போகும் சாலையோர மரங்களில் செத்த மகரந்தம் எவ்வளவு, உள்ளே தோட்டத்து மரங்களில் எவ்வளவு, அட்டவணையோடு. தன்னைப் பற்றி அரை வரி: 'நான் நலம்.'

உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? நலம்னா எதுக்கும்மா உனக்குப் பணம்?"

"ஆராய்ச்சிக்குத்தானே சார் குடுக்குறாங்க?"

"நீ ஒருத்தி! போன வருஷம் எலி லேப் பையன் எழுதினான் பாரு, நானே அழுதுட்டேன். எலியை என்ன பண்ணான்னு ஒரு வரி கிடையாது. அவனுக்கு ரெண்டு வருஷம் சேத்துக் குடுத்தாங்க."

கெட்ட மனிதரல்ல. அவள் மறுபடி மருந்துக் கடைக்குப் போய் நிற்பதை அவர் விரும்பவில்லை. இழுப்பறையைத் துழாவி வேறொரு படிவத்தை எடுத்து நீட்டினார். வறுமையை அளக்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி அதுதான்; இரண்டு பக்கம், கறுப்பு மையில் நிரப்ப வேண்டும்.

"சாயங்காலம் குழு கூடுது. அதுக்குள்ள குடு. கொஞ்சம் மனசைத் தொடுற மாதிரி எழுது தாயி."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினாள். அப்பா: இல்லை. சொந்த வீடு: இல்லை. ஏழாவது கேள்வி: வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள், மாதத்துக்கு எத்தனை?

"பத்துன்னு போடும்மா," என்றார் எழுத்தர் ஜன்னல் வழியாக. "யாரும் வந்து பாக்கப்போறதில்ல."

மூன்று என்று எழுதினாள். பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, அந்தக் கட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில், பொடி எழுத்தில் சேர்த்தாள்:

'இரண்டு மாதம் மட்டுமே எண்ணப்பட்டது. முடிவு சொல்ல இது போதாது.'