நான் முடிக்காத நேர்த்தி

என் மகள் ஆரணியின் கால் சுகமாகிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் உண்மையான கஷ்டம் தொடங்கியது. எங்கள் கோயில் அம்மன் அம்மாளாச்சியை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

ஆரணி கல்லூரியில் முப்பாய்ச்சல் பாய்கிறவள். ஓடிவந்து பலகையில் இடது காலை ஊன்றி எழும்பி, அதே காலில் ஒருமுறை தத்தி, மற்றக் காலுக்கு மாறி, பிறகு மணலுக்குள் பாய வேண்டும். நேராகப் பாய்ந்தால் என்ன குறைந்துபோகும் என்று நான் பகிடி பண்ணுவேன். இந்த வருடம் அவளை முதல் தடவையாகக் கனடா அணிக்கு எடுத்தார்கள். ரெக்ஸ்டேலில் எங்கள் கட்டட லிஃப்டில் ஏறிய முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன். கண் பட்டதோ என்னவோ, யூன் மாதம் பயிற்சியில் இடது கணுக்கால் பிரண்டுவிட்டது.

வீக்கம் வற்றியது. ஸ்கானும் சரி. ஆனால் பிள்ளை பாயவில்லை. வேகமாக ஓடிவருவாள், பலகைக்கு முன்னால் நின்றுவிடுவாள். ஒவ்வொரு நாளும் இதேதான்.

"கால் நோகுதோ பிள்ளை?"

"நோகேல்லை அம்மா. பலகையைக் கண்டவுடனே அது தானாய் நிக்குது. நான் நிப்பாட்டேல்லை. ஐ டோன்ட் நோ வை."

அவளுடைய கோச் நல்ல மனிதர். ஒரு திகதி வரைக்கும் பொறுப்பதாகவும் (அது எங்கள் கோயில் தேருக்கு அடுத்த நாள்), அதற்குள் ஒருமுறையாவது முழுதாகப் பாயாவிட்டால் வேறு பிள்ளையின் பெயரைக் கொடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அவரில் பிழையில்லை.

காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கலாம். இதற்கு எதை அவிப்பது? அவள் அறைக்குள் அழுதாள். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பெற்றவளால் ஒன்றுமே செய்ய முடியவில்லையே என்று நெஞ்சு வெந்தது.

தேரன்று அடியழிப்பதாக அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தேன். தேருக்குப் பின்னால் உருண்டு அங்கப்பிரதட்டை செய்யும் ஆண்களுக்கும் பின்னால், பெண்கள் அடிக்கொரு தடவை முழங்காலிட்டு விழுந்து கும்பிட்டபடி வீதி சுற்றுவது அது. என் முழங்காலோ ஏற்கெனவே தேய்ந்துபோனது.

"உமக்கென்ன விசரே? படி ஏறவே ஏலாது," என்று என் கணவர் ஏசினார். நான் கேட்கவில்லை.

தேரன்று வீதித் தார் சுட்டது. இரண்டாவது மூலை வரைக்கும் சமாளித்தேன். அங்கே விழுந்து கும்பிட்ட என்னால் எழும்ப முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. தேர் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த பெண்கள் என்னைச் சுற்றி நடந்தார்கள். நேர்த்தி குழம்பிவிட்டதே, என் பிள்ளைக்கு என்ன வரப்போகிறதோ என்று பதறினேன். நெற்றி நிலத்தில் கிடக்க அழுதேன்.

"அம்மாளாச்சி, எனக்கே எழும்பேலாமல் கிடக்கு. நான் என்னெண்டு அவளை எழுப்புவன்? நீதான் பார்."

"அம்மா, தள்ளுங்கோ. நான் செய்யிறன்."

குடையோடு ஓரமாக வந்துகொண்டிருந்த ஆரணி! தகப்பன் என்னைத் தூக்கிப் புல்லில் இருத்த, நான் விழுந்த இடத்தில் அவள் முழங்காலிட்டாள். அவளுக்குத் தேவாரம்கூட அரைகுறை. விழுந்தாள், எழும்பினாள், ஓரடி வைத்து மறுபடி விழுந்தாள். நான் அவளுடைய கால்களையே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இடது காலை முன்னால் ஊன்றித்தான் எழும்பினாள். வாரக்கணக்காகப் பலகையில் ஊன்ற மறுத்த கால் அது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

தேர் இருப்பிடம் வந்த பிறகு அதை அவளிடம் சொன்னேன். குனிந்து காலைப் பார்த்தாள்.

"நீங்கள் அப்பிடிக் கிடக்கேக்கை எனக்குக் காலே ஞாபகம் வரேல்லை அம்மா," என்றாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மைதானத்தில் அவள் ஓடத் தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பலகையில் கால் பட்ட சத்தம் கேட்டது. பிறகு மணல் சத்தம். "அம்மாளாச்சி!" என்று நான் போட்ட கூச்சலில் கோச்சே திடுக்கிட்டார்.

கனடாச் சட்டையோடு போய்ப் பாய்ந்துவிட்டு வந்தாள். பதக்கம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. முன்பெல்லாம் கோயிலுக்குப் போனால் அம்மாளாச்சியிடம் கேட்பதற்கே எனக்கு நேரம் போதாது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டு வருகிறோம்.

நேர்ந்ததை முடிக்க முடியவில்லையே, இனி அம்மாளாச்சி கேட்பாளா என்று கலங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விழுந்த இடத்தில் கிடந்தபடியே கூப்பிடுங்கள். எழும்பி வந்து கூப்பிடு என்று அவள் எனக்குச் சொல்லவில்லை.