எட்டுப் பேர் கூட்டிய தண்டனை

குடித்துவிட்டு விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை மறித்து ரகளை செய்தவன் நான். எதற்காக மறித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஜட்ஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜெயிலுக்குப் பதிலாகச் சமூக சேவை என்று தீர்ப்பு எழுதினார். அரசு ஆஸ்பத்திரி வளாகத்தை ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டும். பிழைத்தோமடா என்று இருந்தது எனக்கு. வீட்டில் அப்படி யாரும் நினைக்கவில்லை.

"ஒரு நாளு ஜெயிலுன்னாக்கூடப் பரவாயில்லலே. உள்ள யாரு பாக்கப் போறா? ஊரு நடுவுல வெளக்குமாத்தப் பிடிச்சா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று குதித்தார் அண்ணன். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர் அவர். அங்கே ஆர்டர் எடுக்கும் வேலை எனக்கு. என் மனைவி சோற்றுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனால், எனக்கு முன்னால் கம்பெனி வேன் நிற்கிறது. எட்டுப் பெண்கள் மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் ஏற்பாடு. சீசனில் லோடு ஏற்றுவதற்கு ஆள் அனுப்புகிற மாதிரி என் தண்டனைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்! வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலி வேறு. வெட்கங்கெட்டவன், போய் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் வளாகம் பளிச்சென்று ஆகிவிட்டது. துப்புரவுப் பணியைக் கவனிக்கும் அம்மாவிடம் கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன்.

"இதுல எட்டுப் பேரு பேரா இருக்கு? ஒங்க பேருதான சார் இருக்கு? இன்னைக்கு நாள் கணக்குல சேராது. நாளைக்கும் இப்பிடின்னா கோர்ட்டுக்கு எழுதிருவேன். அப்புறம் ஜெயிலுதான்."

சாயங்காலம் அண்ணனிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். நாளைக்கு நானேதான் கூட்டியாக வேண்டும், தயவுசெய்து யாரையும் அனுப்பாதீர்கள் என்றேன். "சரிலே, நான் பாத்துக்கிடுறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோதே எனக்கு உதறல் எடுத்திருக்க வேண்டும்.

மறுநாளும் அதே வேன். இந்த முறை எட்டோடு இரண்டு பேர் கூடுதல். எனக்கு வந்த ஆத்திரத்தில், நோயாளிகள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "யாரைக் கேட்டு வந்தீக? போயி வேன்ல ஏறுங்க எல்லாரும்!"

நகக்கண்ணில் பட்டாசு மருந்துப் பொடி வெள்ளியாய் அப்பியிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"நாங்களா வந்தோம்? கம்பெனிக்குன்னு ஏத்தி இங்கன கொண்டாந்து எறக்குனாக. பெரிய மொதலாளி கூட்டுங்காரு, நீங்க போங்கிறீக. குடிச்சது நீங்க, மொதலாளி. எங்களுக்கு எதுக்குத் தண்டனை? எங்க வீட்டுல குடிச்சிட்டு வாற மனுசன் கக்குனத நாந்தேன் அள்ளுறேன். இங்கன வந்து ஒங்களுக்குமா?"

அவள் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு கேட் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அண்ணன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்று இரவு, கூடம் முழுக்கக் கக்கி வைத்தேனாம். காலையில் எழுந்தபோது தரை சுத்தமாக இருந்தது. அதைக் கழுவியது யார் என்று, விளக்குமாற்றைப் பிடிக்கும்வரை நான் யோசித்ததே இல்லை.