கோல் போஸ்ட் பக்கத்தில் என் ஓகரி

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் ஓகரி என்றால், குடும்பச் சொத்தைப் பாகம் வைக்கும்போது ஒருவருக்கு வரும் மண். கம்பெனிப் பங்குக்கும் அதே சொல்தான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் நாங்கள் குடியிருந்த துண்டு மண் எங்கள் பெயருக்கு வந்திருந்த சமயம் அது. இன்னும் கொஞ்சம் மண் வேண்டும் என்றுதான் கணவர் துபாய்க்குப் போயிருந்தார்.

நொடிந்து கிடந்த கால்பந்து கிளப்பின் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"கிளப்புல ஒரு ஓகரி எடு மக்கா. மைதானம் நம்ம எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

"மண்ணு மரச்சீனிக் கெழங்கு நடக் கொள்ளாமா அண்ணா?" என்று கேட்டேன்.

"நல்ல மண்ணாக்கும்" என்றார், முகம் மாறாமல்.

கணவர் அனுப்பிய சங்கிலியை விற்றுப் பணத்தைக் கொடுத்தேன்.

மழை பெய்ததும் மரச்சீனிக் கம்புகளோடு போய், கோல் போஸ்ட் பக்கத்தில் கொத்தத் தொடங்கினேன். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செயலாளர் ஓடி வந்தார்.

"ஓகரின்னா மண்ணில்ல மக்கா, கிளப்புக்க லாபத்துல பங்கு. மைதானம் வாடகைக்கு எடுத்ததாக்கும்."

"அப்ப லாபம் எங்க?"

"லாபம் உண்டெங்கி நான் எதுக்கு உன் வீட்டுக்கு வரணும்?"

என் அறியாமையைச் சொல்லி ஊர் இன்றும் சிரிக்கிறது. மரச்சீனி என்று நான் கேட்டபோதே செயலாளருக்கு எல்லாம் புரிந்துவிட்டதே, அதைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை.

இப்போது யார் ஓகரி என்று வாயெடுத்தாலும், "எல்லைக்குப் போட்ட அதிர்க்கல்லு எங்க கெடக்கு, காட்டும்" என்கிறேன். மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.