மாலை போட்ட கிளீட்டு

பிள்ளைங்களா, லூமுட் படகுத்துறையில் நிற்கிற நம்ம பாய்மரப் படகை அப்பா ஏன் விற்கவில்லை என்று கேட்டீங்களே, சொல்கிறேன். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்த வாரம் நடந்தது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நானும் உங்க மாமாவும் சேர்ந்து வாங்கின பழைய படகு அது. படகைக் கரையோர ஜெட்டிப் பாலத்தோடு கட்டக் கயிறு சுற்றுகிற கிளீட்டு, அதான் ரெண்டு பக்கமும் கொம்பு நீட்டின இரும்பு, அதில் ரொம்பச் சின்னது. ரெண்டு சுற்றிலேயே கொம்பு நிறைந்துவிடும். கடையில் மாமா பளபளவென்று மடக்குகிற மாதிரி ஒன்றைக் காட்டினார். நான் கையோடு கொண்டுபோன கயிற்றுத் துண்டைச் சுற்றிப் பார்த்து, நாலு போல்ட்டு போடுகிற பெரியதாக எடுத்தேன்.

"என்ன மச்சான், யானையா கட்டப் போறே?"

"பத்து காஜாக்காரன்லா நான். காஜான்னா மலாய்ல யானைதானே, ஊர்ப் பேர்லயே இருக்கு."

வெறும் பலகையை நம்பி முடுக்கினால், கயிறு இழுக்கிற இழுப்பில் பலகையே பிய்ந்து வரும். ஈப்போவில் நான் வேலை செய்கிற லாரிப் பட்டறையில் ஒரு தகடு வெட்டி, மேல்தளத்துக்கு அடியில் கொடுத்து முடுக்கினேன்.

உங்க அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "ஒரு தடவை வாரேன். பயந்துட்டேன்னா அப்புறம் ஏற மாட்டேன். வித்துருங்க."

பங்கோர் தீவுக்குப் புறப்படும் முன் பூசை போட்டோம். புது லாரிக்கு முகத்தில் மாலை கட்டிப் பழகினவங்க நாம. படகுக்கு முகம் எது? முன் கிளீட்டுதான் என்று அம்மா அதில் சாமந்தி மாலையைச் சுற்றி எலுமிச்சையும் கட்டினாள். சாமிக்குப் போட்டதை வாடும் முன் கழற்றலாமா? கயிற்றை மாலை மேலேயே சுற்றினேன்.

படகிலேயே சாப்பிட உட்கார்ந்தோம். கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, காற்றும் மழையும் ஒரே அடியாக அடித்தன. படகின் முகம் ஜெட்டியை விட்டு விலகியது. ஓடிப் பார்த்தால், நசுங்கின பூவில் கயிறு வழுக்கி ஓடுகிறது. மாமா கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். மாலையைத் தொடப் போன என் கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க!" அம்மா தவழ்ந்து வந்து மாலையைப் பிய்த்து எறிந்தாள். "சாமி கோவிச்சுக்காது, கட்டுங்க!"

முதலில் கிளீட்டின் அடியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று. பாரம் அதிலேயே நின்றது. பிறகு கொம்புக்குக் கொம்பு எட்டு மாதிரி போட்டு, கடைசியில் ஒரே ஒரு பூட்டு முடிச்சு. கயிறு முறுகிக் கத்தியது. கிளீட்டு அசையவில்லை. மழை ஓயும் வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்ன பளபளப்பை வாங்கியிருந்தா இப்ப எங்க இருப்போம்?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

"பங்கோர்லதான். சீக்கிரமாவே போயிருக்கலாம்லா!"

நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே சிரித்துவிட்டாள். "நாளைக்குப் போலாம்," என்றாள்.

அவங்க ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கக் கரைக்குப் போனாங்க. நான் படகின் முன் அறைக்குள் படுத்தபடி நுழைந்து, தளத்துக்கு அடியில் நாலு நட்டையும் விரலால் திருகிப் பார்த்தேன். ஒன்றும் இளகவில்லை. பூசைத் தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து, யார் கண்ணுக்கும் படாத அந்தத் தகட்டில் ஒரு பொட்டு வைத்தேன்.