காலைச் சாய்த்து நடந்தவர்

ஒருவர் சிறைக்குப் போக நான் காரணமாக இருந்தேன். எழுதக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லித்தான் அதைச் செய்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள். கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு நான் பொறுப்பாளர். சுற்றுவட்டார நிருபர்கள் சொந்த ஊரில் விவசாயம் பார்த்துக்கொண்டே செய்தி கொடுப்பவர்கள். ஞாயிறு மாலைகளில் அவர்களை உட்காரவைத்து, கொண்டுவந்த செய்திகளை உரக்கப் படித்துத் திருத்துவேன். யாரும் என்னை நடத்தச் சொல்லாத வகுப்பு.

வடக்கனந்தல் நிருபர் அன்று காலை நடந்த மறியலை எழுதியிருந்தார். மர்மக் கும்பல் ஒன்று புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டதாம்.

"கும்பலுக்கு மூஞ்சி இல்லையா? அங்க நின்னுக்கினு இன்னாதான் பார்த்தே?"

"மொத வெட்டு வெட்டுனவரு காலச் சாய்ச்சிச் சாய்ச்சி நடப்பாருங்க."

"அதை எழுது."

"வேணாங்க சார். எங்க ஊர்ல அப்படி நடக்கறவரு ஒருத்தருதான். எனக்கு மாமா முறை."

"பொண்ணு குடுக்க மாட்டாருன்னு பயப்படறான் சார்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் குனிந்து எழுதினார். அதை நான் செய்தியின் முதல் வரியாக்கினேன்.

வெளியூர் வாசகருக்கு அது நல்ல வரி. வடக்கனந்தலில் அது ஒருவருடைய பெயர். செய்தி வந்த அன்றே போலீசார் அவரைப் பிடித்துப் போனார்கள்.

நான் காவல் நிலையத்துக்குப் போய், அந்த வரி என் கற்பனை என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "அவரே ஒத்துக்கினாரு சார். எப்படின்னு கேக்காதீங்க" என்றார்.

ஜாமீனில் வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு கால்களிலும் கட்டுப் போட்டு, நீட்டிப் படுத்திருந்தார். தப்பு என்னுடையது, நிருபர் மறுத்தும் நான்தான் எழுத வைத்தேன், அவரை ஒதுக்க வேண்டாம் என்றேன்.

"நீங்க வெளியாளுங்க. உங்க மேல எனக்கு இன்னா கோவம்? அவன் என் வூட்டுல சோறு தின்னவன்."

அந்தப் போகத்து அறுவடை முடிவதற்குள் நிருபர் குடும்பத்தோடு மூங்கில்துறைப்பட்டுக்குப் போய்விட்டார். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகளை வரிசைப்படுத்தும் வேலை. திரும்ப அழைத்துவரப் போனேன். "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார். ஒரு டிராக்டரைப் பின்னால் எடுக்கச் சொல்லிவிட்டு வருவதாகப் போனார். வண்டிகள் நகர நகர அங்கேயே நின்றிருந்தேன். அவர் வரவில்லை.