கோழிக்குக் கேட்ட ஒரு நிமிஷம்

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் எனக்கு வேலை. கால்நடை டாக்டர் ரத்தம் எடுக்க வந்தால் கோழியைப் பிடித்துக்கொள்வது நான்தான். அதன் கண்ணைக் கையால் பொத்தி, பதற்றம் அடங்கின பிறகே றெக்கையை விரித்துக் காட்டுவேன்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்த என் ஐந்து வயது மகளை ரத்தப் பரிசோதனைக்கு லேபுக்குக் கூட்டிப்போனேன். "ஊசியெல்லாம் இல்ல சாமி" என்று பல்லிளித்தாள் அங்கே ரத்தம் எடுக்கிற ஒருத்தி, முதுகுக்குப் பின்னால் ஊசியை மறைத்துக்கொண்டு. எவ்வளவு கேவலமான பொய். பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கதறினாள். "காலை அமுக்கிப் புடிங்க, வெளியில கூட்டம் நிக்குது" என்றாள் லேப்காரி என்னிடம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அமுக்கினேன். மூன்று இடத்தில் குத்தினார்கள்.

மறுநாள் பண்ணையில் டாக்டர் ஊசியோடு குனிந்தார். "கொஞ்சம் பொறுங்க சார், பதறுது" என்று என் வாய் தானாகச் சொன்னது. கோழியின் கண்ணைப் பொத்தினேன், நேற்று மகளின் காலை அமுக்கிய அதே கையால்.